எம்பி மூலமா அமைச்சரிட்ட எழுத்தில கேள்வி கேக்கிறது எப்படி? திருகோணமலை ஆக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கட கரையில ஒரு அடிக்கல் கிடக்கு. மீன் இறங்குதுறை கட்டப்போறம் எண்டு சொல்லி ஒரு பெரிய ஆள் வந்து, பட்டாசு கொளுத்தி, மாபிள் கல்லில பேர் வெட்டி நட்டுட்டுப் போனது. இப்ப அதில வலை காயுது. நாலு வருசமா எங்கட சங்கம் கடிதம் எழுதிச்சு, செயலாளர் எண்ட படியா நான்தான் எழுதினது, மொத்தம் பதினொரு கடிதம். வந்த பதில் எல்லாம் ஒரே அச்சு, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது." எங்க அனுப்பினாங்க, ஆருக்கு அனுப்பினாங்க எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். கடைசியில விசயத்தை அசைச்சது பாராளுமன்றத்தில ஒரு எம்பி எழுத்தில குடுத்த அரைப்பக்கக் கேள்வி ஒண்டு. அந்த அரைப்பக்கத்தை எப்படி எழுதுறது, ஆரிட்ட குடுக்கிறது, விடை வந்தா அதை என்ன செய்யுறது எண்டுறதைத்தான் இஞ்ச சொல்லப்போறன்.

இது என்ன சாமான்?

எங்கட அரசியலமைப்பில அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாப் பொறுப்புச் சொல்ல வேணும் எண்டு கிடக்கு. அதை நடைமுறையில செய்யுற பழைய ஆயுதங்களில ஒண்டு கேள்வி. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில 1721இலயே ஒருத்தர் கேள்வி கேட்டது பதிவில இருக்கு, அதுவும் ஒரு கம்பனிக் காசு மோசடியைப் பற்றித்தான். அப்ப இருந்து இப்ப வரைக்கும் மாறாத ஒரு விசயம், காசைப் பற்றிக் கேட்டாத்தான் அமைச்சருக்கு வேர்க்கும்.

கொழும்புக்குப் பக்கத்தில, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில தியவன்னா ஓயாவுக்க இருக்கிற சபையில 225 பேர், அதில எங்கட திருகோணமலை மாவட்டத்துக்கு நாலே நாலு ஆசனம். அந்த நாலு பேரும் எழும்பிக் கத்தினா ரிவியில ரெண்டு நிமிசம் வரும், அடுத்த நாள் சனம் மறந்துடும். எழுத்தில ஒரு கேள்வி குடுத்தா அதுக்கு ஒரு இலக்கம் விழும், அது மூண்டு மொழியிலயும் அச்சாகும், அமைச்சு பதில் சொல்லியே ஆக வேணும், பதில் ஹன்சாட்டில, அதாவது சபையில நடக்கிறதை அப்படியே அச்சடிக்கிற பதிவில, ஏறும். ஹன்சாட்டில ஏறினது பேரப்பிள்ளை காலத்திலயும் கிடக்கும்.

ஹன்சாட்டைத் திறந்து பாத்தா ரெண்டு தலைப்புக் காண்பீங்க, "வினாக்களுக்கு வாய்மூல விடைகள்", "வினாக்களுக்கு எழுத்துமூல விடைகள்". ரெண்டுக்கும் கேள்வி எழுத்திலதான் போகுது, அதைத்தான் கனபேர் விளங்கிக் கொள்ளுறேல்ல. வாய்மூலம் எண்டா அமைச்சர் சபையில எழும்பி விடை சொல்லுவார், கேட்ட எம்பி அதைப் பிடிச்சு மேலதிகக் கேள்வி கேக்கலாம். எழுத்துமூலம் எண்டா விடை தாளில வரும், அப்படியே ஹன்சாட்டில போய்ச் சேரும், குறுக்க கேக்க வழியில்ல. இந்தியாவில லோக்சபாவில இதே பிரிவை நட்சத்திரக் குறி போட்ட கேள்வி, போடாத கேள்வி எண்டு சொல்லுவாங்க, ஒரு நாளைக்கு நட்சத்திரம் போட்டது 20, போடாதது 230. எங்கட ஆக்களுக்கு என்ர புத்திமதி, புள்ளிவிவரம் வேணுமெண்டா எழுத்துமூலம் போதும், ஆளை மடக்க வேணுமெண்டா வாய்மூலம்.

படி 1: உங்கட பிரச்சினை ஆற்ற தலையில விழுது எண்டு கண்டுபிடிக்கிறது

இதிலதான் பாதிப் பேர் கவிழுறது. கேள்வி பிழையான அமைச்சருக்குப் போனா, "இவ்விடயம் எனது அமைச்சின் விடயதானத்துக்குரியதல்ல" எண்டு ஒரே வரியில முடிச்சுப்போட்டு இருந்திடுவாங்க, நீங்க மாசக்கணக்கில காத்திருந்தது வீண்.

ரோட்டை எடுங்க. எங்கட ஊரில ஆர் கதைச்சாலும் ரோட்டில வந்து நிக்கும். ஏ, பி தர வீதி எண்டா வீதி அபிவிருத்தி அதிகார சபை, அது மத்திய அமைச்சு, கேள்வி கேக்கலாம். மூதூர்ப் பக்கத்தால மட்டக்களப்புக்குப் போற ஏ15 அந்த வகை, கந்தளாய்க்கால போற ஏ6 அந்த வகை. சி, டி தர வீதி எண்டா மாகாணத்துக்குரியது. உங்கட வீட்டுக்கு முன்னால இருக்கிற ஒழுங்கை உள்ளூராட்சி சபையிட. கிழக்கு மாகாண சபையிட காலம் 2017இல முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே நடக்கேல்ல, ஆளுநர்தான் பாக்கிறார். அதால மாகாணப் பள்ளிக்கூடம், மாகாண ரோட்டு சம்பந்தமா கேள்வி கேக்கிறதுக்கு எங்களுக்கு மாகாண சபை உறுப்பினரே இல்ல, பாராளுமன்றத்தில கேட்டா "அது மாகாண விடயம்" எண்டு தள்ளி விடுறதுக்கு நல்ல வசதி. இதுக்கு ஒரு சுத்துவழி இருக்கு, கேள்வியை வேலையில இருந்து காசுக்கு மாத்துறது. "இந்த ரோட்டை ஏன் போடேல்ல" எண்டு கேட்டா தள்ளுவாங்க. "இந்த ஆண்டு மத்திய அரசாங்கத்தால கிழக்கு மாகாணத்துக்கு வீதிக்கெண்டு விடுவிச்ச தொகை எவ்வளவு, அதில திருகோணமலை மாவட்டத்துக்கு எவ்வளவு" எண்டு கேட்டா தள்ள ஏலாது, ஏனெண்டா காசு திறைசேரியில இருந்துதான் வந்தது.

அமைச்சுகளிட பேரும் பொறுப்பும் அரசாங்கம் மாற மாறக் குழம்பும். போன வருசம் மீன்பிடியோட சேந்து கிடந்தது இந்த வருசம் வேற எங்கயோ கிடக்கும். எந்தத் திணைக்களம் எந்த அமைச்சருக்குக் கீழ எண்டு ஜனாதிபதி வெளியிடுற வர்த்தமானியில பட்டியல் இருக்கும், அதைப் பாத்துப்போட்டு எழுதுங்க, ஊகிக்காதீங்க.

படி 2: கையில தாள் இல்லாம கேள்வி எழுதாதீங்க

எம்பியிட்ட போகமுதல் பைல் ஒண்டு கட்டுங்க. என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த ஒபிஸ், கடிதக் கொப்பி, அடிக்கல்லிட போட்டோ, டெண்டர் விளம்பரம் வந்த பேப்பர்த் துண்டு, எல்லாம். (போட்டோக்கொப்பியை ஒரு உறைக்குள்ள வையுங்க. பஸ்ராண்டடியில நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கேக்க என்ர கையில கிடந்த ரெண்டு பக்கத்தை மான் திண்டுட்டுது, பகிடிக்குச் சொல்லேல்ல, எங்கட ஊர் மானுக்குத் தாளெண்டா புல்லு மாதிரி.)

இதில ஆர்டிஐயை மறக்காதீங்க. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. நீங்களே நேர விண்ணப்பம் குடுக்கலாம், எம்பி தேவையில்ல, 14 வேலைநாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு அவங்க சொல்ல வேணும். தராட்டி அந்த நிறுவனத்திலயே மேல இருக்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஆர்டிஐயில நீங்க எடுக்கிறது ஒரு தாளிட கொப்பி. பாராளுமன்றக் கேள்வியில எடுக்கிறது அமைச்சரிட வாக்கு. தாளைக் கையில வச்சுக்கொண்டு வாக்கைக் கேட்டா அவங்களுக்கு ஓட இடமில்ல, அதால முடிஞ்சா ஆர்டிஐ முதல், கேள்வி பிறகு.

படி 3: கேள்வியை எழுதுறது

இஞ்ச கொஞ்சம் நேரம் எடுக்கப்போறன், ஏனெண்டா இதுதான் முழு வித்தையும்.

எங்கட முதல் வரைவு எப்படி இருந்தது தெரியுமா? "வறிய மீனவர்களின் கண்ணீரைப் பொருட்படுத்தாது இழுத்தடிக்கப்படும் இறங்குதுறை தொடர்பில் அரசாங்கம் எடுத்துள்ள நடவடிக்கை யாது?" எழுதி முடிச்சாப் பிறகு எனக்கே ஒரு பெருமை. கச்சேரியில முப்பது வருசம் இருந்து பென்சன் எடுத்த சீசி (பிரதம லிகிதர்) ஐயா ஒருத்தர் எங்கட ஒழுங்கையில இருக்கிறார், அவரிட்டக் கொண்டு போய்க் காட்டினன். வாசிச்சுப்போட்டு கண்ணாடியைக் கழட்டினார்.

"தம்பி, இது கேள்வி இல்ல, ஒப்பாரி."

"ஏன் ஐயா?"

"இதுக்கு நான் ஒரு நிமிசத்தில பதில் எழுதித் தருவன். 'உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன.' முடிஞ்சுது. நீ என்ன செய்வாய்?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவர் சொன்ன விதி ஒண்டே ஒண்டுதான். பதிலில ஒரு எண், ஒரு திகதி, இல்லாட்டி ஒரு பேர் வராம தப்ப ஏலாத மாதிரிக் கேள். "என்ன நடவடிக்கை", "ஏன் கவனிக்கேல்ல", "எப்ப தீர்வு" எண்டு கேட்டா ஆரும் தப்பலாம்.

உதாரணத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்டை எடுப்பம், சீனக்குடா எண்ணெய்க் குதம். வெள்ளைக்காரன் காலத்து 99 தாங்கி. 2022 ஜனவரியில செய்த உடன்படிக்கையில பிரிச்சது இப்படி, இந்தியன் எண்ணெய்க் கம்பனிக்கு 14, எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேந்த கூட்டுக் கம்பனிக்கு, அதில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இப்ப "எண்ணெய்க் குதங்களை அபிவிருத்தி செய்ய அரசாங்கம் என்ன செய்தது" எண்டு கேட்டா அரை மணித்தியாலம் பேச்சுத்தான் வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்க:

"வலுசக்தி அமைச்சரைக் கேட்பதற்கு:
(அ) திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் தொடர்பான 2022 ஜனவரி உடன்படிக்கையின் கீழ் கூட்டுக் கம்பனிக்கு ஒதுக்கப்பட்ட 61 தாங்கிகளில்,
(1) இற்றைவரை திருத்தப்பட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை யாது;
(2) அவ்வொவ்வொன்றுக்கும் செலவிடப்பட்ட தொகை தனித்தனியே யாது;
(3) அக்கம்பனியில் தற்போது பணிபுரிவோரில் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தோர் எத்தனை பேர்;
என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) இன்றேல், ஏன்?"

கவனிச்சீங்களா, கண்ணீர் ஒரு சொட்டும் இல்ல. (1)க்கு பூச்சியம் எண்டாலும் அது ஒரு எண்தான், அந்தப் பூச்சியம் அமைச்சரிட வாயால வந்து ஹன்சாட்டில ஏறினா அதை விடப் பெரிய பேச்சு தேவையில்ல.

அந்தக் கடைசி "இன்றேல், ஏன்?" எண்ட ரெண்டு சொல்லு எங்கட பாராளுமன்றத்துக்கே உரிய ஒரு அழகு. ஹன்சாட்டைப் புரட்டினா பக்கத்துக்குப் பக்கம் வரும். முதல்ல எனக்கு அது ஏதோ சடங்கு மாதிரித்தான் தெரிஞ்சது, சீசி ஐயா சொல்லித்தான் விளங்கிச்சு. அறிவிக்கேலாது எண்டு சொல்லுறதெண்டாலும் காரணத்தோட சொல்லு எண்டு கதவைச் சாத்துறதுக்கு முன்னமே காலை உள்ள வைக்கிறது அது.

எழுதக் கூடாததும் இருக்கு, இருந்தா சபாநாயகர் கேள்வியை ஏற்க மாட்டார். வாதம், வசை, நக்கல், கருத்து, ஊகம் எதுவும் வரக் கூடாது. "ஊழல் பிடித்த", "திட்டமிட்ட" எண்ட அடைமொழி எல்லாத்தையும் வெட்டுங்க. கோட்டில வழக்கு நடக்கிற விசயத்தைத் தொடக் கூடாது, காணிப் பிரச்சினையில எங்கட பக்கம் இது அடிக்கடி இடறும், முதல்ல வழக்குக் கிடக்கோ எண்டு விசாரியுங்க. ஏற்கனவே விடை சொன்ன கேள்வியைத் திருப்பிக் கேக்கக் கூடாது, அதுக்கு பாராளுமன்ற இணையத்தளத்தில பழைய ஹன்சாட்டைத் தேடிப் பாக்கலாம், சும்மா கிடைக்குது. தனி ஆளிட சொந்த வாழ்க்கை பற்றியும் வேணாம்.

ஒரு கேள்விக்குள்ள ஆறேழு உபகேள்வி வைக்கலாம், ஆனா எல்லாம் ஒரே விசயத்தில நிக்க வேணும். ரோட்டு, கரண்டு, யானை, காணி எல்லாத்தையும் ஒண்டாக் கட்டினா விடையும் அப்படியே கலங்கி வரும்.

படி 4: எம்பியைப் பிடிக்கிறது

இது சின்னப் படிதான், ஆனா சனத்துக்குப் பயம். எம்பிட்ட போறதெண்டா கலியாண வீட்டுக்குப் போற மாதிரி பத்துப் பேர் திரண்டு போவாங்க, அது தேவையில்ல. ரெண்டு பேர் போங்க, எழுதி முடிச்ச கேள்வி ஒண்டு, பைல் ஒண்டு. எம்பியிட இணைப்பாளர் "வச்சிட்டுப் போங்க அண்ணே, பாப்பம்" எண்டு சொல்லுவார். வச்சிட்டு வாங்க, ஆனா ஒரு கிழமையில திருப்பிப் போங்க.

உங்கட எம்பி ஆளும் கட்சியெண்டாலும் கேக்கலாம். 1957இல இந்தியாவில முந்த்ரா விவகாரத்தைக் கிளப்பினது ஃபெரோஸ் காந்தி, அவர் ஆளும் காங்கிரஸ்காரர், நேருவிட மருமகன். அரசாங்க ஆயுள் காப்புறுதிக் கழகத்திட காசை ஒரு வியாபாரியிட கம்பனிப் பங்குகளில ஏன் போட்டீங்க எண்டுதான் விசயம். விசாரணை வந்து 1958 பெப்ரவரியில நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்மட எம்பிமார் இதை வாசிக்க வேணும்.

மாவட்ட எம்பி ஒத்துவராட்டி தேசியப் பட்டியலில இருக்கிற 29 பேரில ஆரையும் பாக்கலாம், வேற மாவட்ட எம்பியும் கேக்கலாம், சட்டத்தில தடை இல்ல. காசு குடுத்துக் கேள்வி கேக்க வைக்கிறது எண்டு மட்டும் நினைக்காதீங்க, அந்தக் குத்தத்துக்கு 2005 டிசம்பரில இந்தியாவில 11 எம்பிமாரைச் சபையை விட்டே கலைச்சவங்க.

படி 5: கேள்வி போற பாதை

எம்பி கையெழுத்து வச்சு பாராளுமன்றச் செயலாளர் நாயகத்திட்டக் குடுப்பார். அங்க விதிக்கு அமைவா எண்டு பாத்து, இலக்கம் போட்டு, மொழிபெயர்த்து, அமைச்சுக்கு அனுப்புவாங்க. அமைச்சுச் செயலாளர் திணைக்களத் தலைவரைக் கேப்பார், அவர் மாவட்ட ஒபிசைக் கேப்பார், மாவட்ட ஒபிசில அந்தப் பைல் ஆற்ற மேசையில வந்து விழும் எண்டா, உங்கட பதினொரு கடிதத்துக்கும் "கிடைக்கப்பெற்றது" எண்டு பதில் போட்ட அதே ஆளிட மேசையில. அவருக்கு இப்ப திகதி குறிச்சுக் கிடக்கு. எங்கட விசயத்தில கேள்வி குடுத்து மூண்டாம் கிழமை, விடை வாறதுக்கு முன்னமே, ஒரு ஜீப் கரைக்கு வந்து அடிக்கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு போச்சு. நாலு வருசத்தில முதல் தடவை.

பாராளுமன்றம் வழமையா மாசத்தில முதலாம், மூண்டாம் கிழமையில செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் கூடும், அண்டண்டைக்குரிய கேள்விகள் ஒழுங்குப் பத்திரத்தில இருக்கும். உங்கட கேள்வி வாற நாளை இணைப்பாளரிட்டக் கேட்டு வையுங்க. முக்கியமா வாய்மூலக் கேள்வியெண்டா எம்பி அண்டைக்குச் சபையில இருக்க வேணும். கேள்வியைக் குடுத்துப்போட்டு ஊரில கலியாணத்தில நிண்டா பிடிச்சுக் கேக்கிற வாய்ப்புப் போகலாம், அதால முதல்நாள் பின்னேரம் ஒரு கோல் எடுத்து ஞாபகப்படுத்துறது குத்தமில்ல.

அவசர விசயம் எண்டா இந்த வரிசையில நிக்க ஏலாது. 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாலம் வேலை நடக்குதெண்டு விட்டிருந்த இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளையள் செத்தது ஞாபகம் இருக்கும். அப்படியானதுக்கு நிலையியற் கட்டளை (பாராளுமன்ற நடைமுறை விதி) 27(2) எண்டு ஒரு வழி இருக்கு, கட்சித் தலைவர்மார், எதிர்க்கட்சித் தலைவர் அதைப் பாவிப்பாங்க. ஆனா எனக்கு அந்தச் சம்பவத்தை நினைக்கேக்க வாற கவலை வேற. அந்தப் படகுக்கு அனுமதி குடுத்தது ஆர், எத்தனை பேர் ஏறலாம், பாலம் முடியுற திகதி எது எண்டு மூண்டு வரிக் கேள்வி ஒண்டு ஒக்டோபரில ஹன்சாட்டில ஏறியிருந்தா எண்டு.

படி 6: அமைச்சர் நழுவுற விதங்கள்

முதலாவது, "ரெண்டு கிழமை அவகாசம் வேணும்." இது சபையில அடிக்கடி கேக்கிற பாட்டு. ஹன்சாட்டில அதுக்குக் கீழ "வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது" எண்டு அச்சடிச்சிருக்கும். ஒருக்காக் கேட்டா நியாயம். மூண்டு தரம் கேட்டா, மூண்டு திகதியையும் எழுதி எம்பியிட்டக் குடுங்க, அவர் சபாநாயகருக்கு அதைச் சுட்டிக்காட்டலாம்.

ரெண்டாவது, "விடை நீளம், சபாபீடத்தில (சபை நடுவில இருக்கிற மேசையில) வைக்கிறன்." வாசிக்காமலே குடுத்திடுவார். மேலோட்டமா இது ஏமாத்து மாதிரி, ஆனா உண்மையில எங்களுக்கு இதுதான் நல்லது, ஏனெண்டா வாசிக்க வெக்கமான எண்ணெல்லாம் அந்தத் தாளுக்குள்ளதான் கிடக்கும். ஹன்சாட்டில "சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை வருமாறு" எண்டு தேடுங்க. அனேகமா சிங்களத்தில இருக்கும், வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரோட இருந்து வரிக்கு வரி பாருங்க, இணைப்பு அட்டவணையை விடாதீங்க.

மூண்டாவது, (அ)வுக்குப் பதில் சொல்லி மிச்சத்துக்கு "ஏற்புடையதல்ல" எண்டு போடுறது. இதுக்குத்தான் வாய்மூலக் கேள்வியில மேலதிகக் கேள்வி. அதையும் நீங்களே முன்கூட்டி எழுதிக் குடுக்க வேணும், ரெண்டு சின்னத் துண்டு. "பூச்சியம் எண்டா ஒண்டு, எண் சொன்னா ஒண்டு."

எங்கட இறங்குதுறைக்கு வந்த விடை மூண்டு பக்கம். ரெண்டரைப் பக்கம் சும்மா வரலாறு. மூண்டாம் பக்கத்தில ஒரு வரி, ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் குடுத்தாச்சு. திருப்பி எடுத்தாங்களா எண்டு ஒரு சொல்லும் இல்ல. கரையில இவ்வளவு நாளும் "காசு வரேல்ல, அதுதான் வேலை நடக்கேல்ல" எண்டு எங்களை நம்ப வச்சவங்க.

படி 7: விடை வந்தாப் பிறகு

விடையோட வேலை முடிஞ்சுதெண்டு நினைச்சு ஃபேஸ்புக்கில போட்டுட்டு இருக்கிறது பெரிய பிழை. விடையில இருக்கிற ஒவ்வொரு எண்ணும் அடுத்த கதவு. நாங்க அந்த முற்பண வரியை வச்சு ஒப்பந்த நிறுத்தக் கடிதத்திட கொப்பியை ஆர்டிஐயில கேட்டம், இந்தத் தரம் இல்லையெண்டு சொல்ல ஏலாது, அமைச்சரே சபையில ஒத்துக்கொண்ட தாள் அது.

காசு விசயம் எண்டா கணக்காய்வாளர் நாயகத்துக்கும் எழுதுங்க. பாராளுமன்றத்தில காசைப் பாக்கிற குழு ரெண்டு இருக்கு, திணைக்களம் எண்டா கோபா (அரசாங்கக் கணக்குகள்) குழு, கூட்டுத்தாபனம், அரச கம்பனி எண்டா கோப் (பொது முயற்சியாண்மைகள்) குழு, புல்மோட்டை கனிய மணல் மாதிரி அரச கம்பனி விசயம் கோப்புக்குத்தான் போகும். அங்க அதிகாரிமாரையே கூப்பிட்டு இருத்திக் கேப்பாங்க, அமைச்சரிட விடைக்கும் அதிகாரியிட வாய்க்கும் வித்தியாசம் வந்தா அதிலதான் பிடி கிடைக்கும்.

விடை பச்சைப் பொய் எண்டு தாளோட காட்ட முடிஞ்சா, சபையைப் பிழையா வழிநடத்தினது எண்டு எம்பி சிறப்புரிமைப் பிரச்சினை எழுப்பலாம். ஒண்டை மட்டும் ஞாபகம் வையுங்க, எம்பிக்குச் சபைக்குள்ள கதைக்கிறதுக்குப் பாதுகாப்பு இருக்கு, அதையே நீங்க வெளிய வந்து "கள்ளன்" எண்டு எழுதினா உங்களுக்கு இல்ல. ஹன்சாட்டில இருக்கிறதை இருக்கிற மாதிரியே திகதியோட எடுத்துப் போடுங்க, ஒரு சொல்லும் கூட்டாம.

பாராளுமன்றம் கலைஞ்சா நிலுவையில கிடக்கிற கேள்வி எல்லாம் அதோட போயிடும், 2024 செப்டம்பர் 24 கலைச்சாப் பிறகு எல்லாரும் முதல்ல இருந்துதான் தொடங்கினது. அதால வரைவையும் பைலையும் எம்பியிட ஒபிசில மட்டும் வைக்காம உங்களிட்டயும் ஒரு கொப்பி வச்சிருங்க.

எங்கட ரெண்டாவது கேள்வி இப்ப போயிருக்கு. அதில ஒரேயொரு உபகேள்விதான், குடுத்த முற்பணத்தில இண்டுவரை திருப்பி அறவிட்ட தொகை ரூபாவில எவ்வளவு. இன்றேல், ஏன்?